இளைய மருமகள் பங்கு

எங்கள் சந்துக்குள் முப்பிடாதி பாகற்காயோடு நுழைந்தால் "யார் வீட்டில்?" என்றுதான் கேட்பார்கள். "என்ன குழம்பு?" என்று ஒருத்தியும் கேட்டதில்லை. மட்டாஞ்சேரிச் சந்தையில் பாவக்கா, பாவக்கா என்று கூவி விற்கிறார்கள். மலையாளத்துக்காரர்கள் தேங்காய்க்கொத்துப் போட்டு வறுத்துத் தின்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஆட்களுக்கு மட்டும் அது சாவு வீட்டுக் காய். தென்காசிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்த எங்கள் பாட்டன்மார் இதையும் சேர்த்துத் தூக்கிவந்து இங்கே இறக்கிவிட்டார்கள். நல்ல காரியம் பண்ணினார்கள், போங்கள்!

நான் கமலாக்ஷி. பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் முப்பிடாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுக்குத் தரம் பிரித்தவள். சுக்குத் தூசியும் அதற்குப் பூசின சுண்ணாம்புத் தூசியும் மூக்கில் ஏறி நாள் முழுக்கத் தும்மல்தான். நான் பேசுவேன், அவள் தும்முவாள். அப்படித்தான் எங்கள் சிநேகம் நடந்தது. அவளைப் பற்றி ஊரில் ஆயிரம் சொல்வார்கள். ராசியில்லாதவள், எதிரே வந்தால் காரியம் கெடும் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அவள் கூட ஒரே கிளாஸில் சாயா பங்கு போட்டுக் குடித்தவள் நான். நான் சொல்வதைக் கேளுங்கள்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு தொடுகறிக்குப் பேர்போன வீடு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற காய்கறியைத்தான் நாங்கள் தொடுகறி என்போம். தடியங்காயை, அதாவது வெள்ளைப் பூசணியை, தேங்காய்ப்பாலில் வேகவைக்கிற கூட்டு, சேனை மசியல், வாழைத்தண்டுப் பச்சடி, முருங்கைக்காய் அவியல் என்று நாலைந்து கறிகள் அந்த வீட்டில் வழிவழியாக வந்தவை. காயலுக்கு அக்கரையில் தேவரா வரைக்கும் எங்கள் ஆட்கள் வீட்டில் கல்யாணம் என்றால் அந்த வீட்டுக் கையைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தடியங்காய்க் கூட்டைத் தின்றவன் இலையை மடிக்க மனசு வராமல் உட்கார்ந்திருப்பான்.

அதே வீட்டுக்கு இன்னொரு கறியும் உண்டு. அதற்குப் பெயர் கசப்புக்கறி. பிணம் எடுத்த மறுநாள், காடாற்றிவிட்டு வந்தவர்கள் முதல் சோற்றோடு தின்கிற பாகற்காய். அதை வைத்து இறக்கி, எல்லாரும் ஒரு வாய் தின்கிற வரைக்கும் சாவு வீட்டில் வேறு எதற்கும் அடுப்பு மூட்டமாட்டார்கள். உறவுக்காரன் பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் தொடமாட்டான். செத்தவருக்கும் வழி திறக்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

நல்ல கறியும் கசப்புக்கறியும் ஒரே கையில் இருக்கக் கூடாதாம். ஆகவே மூத்த மருமகள் பங்குக்கு நல்ல கறிகள் அத்தனையும், இளைய மருமகள் பங்குக்கு அந்த ஒன்று. யார் வகுத்த பங்கோ தெரியாது, வகுத்தவள் மூத்தவளாகத்தான் இருந்திருப்பாள். எங்கள் காலத்தில் மூத்தவள் ராமாத்தாள், சுப்புராஜின் பெண்டாட்டி. கல்யாண வீட்டில் அவளுக்குச் சேலை, சந்தனம், வெற்றிலை எல்லாம் நடக்கும். இளையவள் முப்பிடாதி, சுப்புராஜின் தம்பி வீரபாண்டியின் பெண்டாட்டி. சாவு வீட்டில் அவளுக்கு அரிசி கொடுப்பார்கள், அதுவும் கொல்லைப்புறமாக. வாங்கிக்கொண்டு அவள் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். போய்வருகிறேன் என்று சாவு வீட்டில் யார் சொல்வார்கள்?

வழக்கமாக வைத்தவளே முதல் வாய் தின்பாள். கறி கைமாறுவதற்கு மட்டும் வேறொரு முறை இருந்தது. புதிய கை முதல்தடவை வைக்கும்போது, அதுவரை வைத்தவள் முதல் வாய் தின்ன வேண்டும். தின்றுவிட்டால் கறி கைமாறியாயிற்று. முப்பிடாதி கல்யாணமாகி வந்த வருஷமே சின்ன மாமியார் முனியாயி அவளை ஒரு சாவு வீட்டு அடுப்படியில் உட்காரவைத்து, அருகில் நின்று சொல்லிச் சொல்லி வைக்க வைத்து, ஒரு வாய் தின்றுவிட்டு, "செரி மக்கா, இனி உன் கை" என்று எழுந்து போனாளாம். வீட்டுப் பெரியவளுக்கு நம் கைச்சமையல் பிடித்துவிட்டது என்று இவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள், பைத்தியக்காரி! அடுத்த வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் இவளைப் படியேறவிடாமல் வாசலிலேயே நிறுத்திப் பாயசம் கொடுத்தபோதுதான் விளங்கிற்று.

ஆனால் அந்தக் கறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். பாகற்காயை வட்டமாக நறுக்கமாட்டாள், நீளவாக்கில் கீறுவாள், விதையை எடுக்கமாட்டாள். மஞ்சள் கிடையாது, வெங்காயம் கிடையாது, தாளிப்பு கிடையவே கிடையாது. புளித்தண்ணீரில் வேகவிட்டு, வறுத்து இடித்த பச்சரிசியும் மிளகும் சீரகமும் தூவிப் பிரட்டி, இறக்கின பிறகு பச்சை நல்லெண்ணெயை ஒரு சுற்றுச் சுற்றுவாள். கசப்புப் போகாது. போகவும் கூடாது. ஆனால் ஒரு பகல் ஒரு ராத்திரி அழுது வறண்ட தொண்டையில் அந்தச் சோறு இறங்கும். என் அப்பா செத்தபோது, இனி சோறே வேண்டாம் என்று கிடந்த என் அம்மா அந்தக் கறியைத் தொட்டு மறுசோறு கேட்டாள். அன்றைக்கு முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் காலையில் அதே முப்பிடாதி எதிரே வந்தபோது என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் ஆட்களுக்கு நன்றி அவ்வளவுதான்.

எழுபத்து நாலில் வீரபாண்டி செத்தான். கிட்டங்கியில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை அட்டி சரிந்து மேலே விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது முகத்தில் ஒரு கீறல் இல்லை, நெஞ்சுதான் நசுங்கியிருந்தது. ஒரே மகள் வீரலட்சுமிக்கு அப்போது பதிமூன்று வயது.

காடாற்றி வந்தார்கள். ஊரே முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறது. கறி வைக்க வேண்டியவள் தாலி அறுத்து மூலையில் கிடக்கிறாள். வேறு யார் வைப்பார்கள்? அந்தக் கை ஒன்றுதானே உண்டு. ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை, ஆனால் எல்லார் கண்ணும் மூலையிலேயே இருந்தது. அவளாகவே எழுந்தாள். தன் புருஷன் சாவுக்குத் தானே கசப்புக்கறி வைக்க அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ராமாத்தாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஒருத்தரும் உள்ள வரப்படாது" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெகுநேரம் கழித்துக் கறி வெளியே வந்தது. முப்பிடாதியை ராமாத்தாள் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து இலை முன் உட்காரவைத்தாள். வைத்தவள்தானே முதல் வாய் தின்ன வேண்டும்? தின்றாள். எங்கே பார்க்கிறோம், என்ன தின்கிறோம் என்று தெரியாத முகம். அன்றைக்குக் கறி எப்போதும் போலத்தான் இருந்தது. கல்நெஞ்சுக்காரி, புருஷன் போன அன்றைக்கும் உப்புத் தப்பவில்லை பார் என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அவள் வாயில் நான் மண்ணை அள்ளிப் போடாமல் விட்டேன்.

அதன் பிறகு முப்பிடாதிக்கு ஒரே ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. அவளுக்கு மகன் இல்லை, மருமகள் வரப்போவதில்லை. அப்படியானால் முறைப்படி கறி மகள் கைக்குப் போகும். மகள் அதைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோவாள். எந்த மாமியார் சாவு வீட்டுக் கறியைச் சீர்வரிசையாக வாங்கிக்கொள்வாள்?

"என்னோட முடியட்டும் கமலாக்ஷி" என்பாள் சுக்கு முறத்தின் முன்னால். "நான் செத்தா எனக்குக் கறி வைக்க ஆளில்லாமப் போவட்டும். எனக்கு வழி தொறக்காட்டாலும் செரி, எம்பிள்ளைக்குத் தாலி ஏறணும். அது போதும், அது மதி எனக்கு."

சொன்னதைச் செய்தாள். வீரலட்சுமியைப் பாகற்காயைத் தொடவிடமாட்டாள். சாவு வீட்டுக்கு அழைப்பு வந்தால் பிள்ளையை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். சந்தையில் அந்தக் கடைப் பக்கம் பிள்ளை திரும்பினால் கையைப் பிடித்து இழுப்பாள். ஆண்டவன் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு வளர்க்கச் சொன்னதுபோல வளர்த்தாள்.

ராமாத்தாள் கெட்டவள் இல்லை. பெருமைக்காரி, வாய் நீளம், அவ்வளவுதான். வீரபாண்டி போன பிறகு அந்தப் பிள்ளைக்கு அவள் வீட்டில்தான் பாதிச் சாப்பாடு. கல்யாண வீட்டிலிருந்து வந்தால் முதல் பங்கு வீரலட்சுமிக்கு. "எம்பிள்ளைகள் ரெண்டும் கடுவன், இவதான் எனக்குப் பொட்டப்பிள்ளை" என்று தலை வாரிவிடுவாள்.

எழுபத்தெட்டு ஆவணியில் தேவராவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இசக்கிமுத்து, கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை. மாதச் சம்பளக்காரன்! எங்கள் சந்தில் மாதச் சம்பளத்தைக் கண்டவர்கள் யார்? மாப்பிள்ளையின் அம்மா அங்கம்மாள் ஒன்றே ஒன்றுதான் முன்கூட்டிக் கேட்டனுப்பினாள்: அந்தக் கறி பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாது, பாகற்காயை நறுக்கக்கூடத் தெரியாது என்று முப்பிடாதி குலசாமி மேல் ஆணையிட்டுச் சொல்லியனுப்பினாள். அப்படியென்றால் வருகிறோம் என்றார்கள்.

பெண் பார்த்துப் பிடித்தால் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தாலி அறுத்தவள், அதுவும் அந்தக் கைக்காரி, முன்னால் வரமுடியுமா? ராமாத்தாள்தான் நின்று எல்லாம் செய்தாள். தன் பங்குக் கறிகள் அத்தனையையும் வைத்தாள். விடியற்காலையிலிருந்து தேங்காய் துருவினது நான், என் தோள்பட்டைக்குத் தெரியும். முப்பிடாதி பின்கட்டில், விறகு அடுக்கின மூலையில், மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.

படகிலும் பஸ்ஸிலுமாக வந்தார்கள். பிள்ளையைப் பார்த்தார்கள், பிடித்தது. இலை போட்டாயிற்று. அங்கம்மாள் தடியங்காய்க் கூட்டை ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். ராமாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்படியொரு கூட்டு எங்க தேவராவுலயே இல்ல மயினி" என்றாள் அங்கம்மாள். "இதெல்லாம் பிள்ளை படிச்சிருக்காளா?"

"அவ படிக்காத கறி உண்டா?" என்றாள் ராமாத்தாள். "சொல்லிக் குடுக்கவே வேண்டாம். கண்ணால பாத்தா போதும், கைக்கு வந்துரும். எங்க வீட்டுக் கறி அம்புட்டும் அவ கையில இருக்கு. அவ அம்மை பங்குக் கறியும் சேர்த்துத்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயால் கெட்டது வேறொருத்தி. அங்கம்மாளின் கை இலையில் அப்படியே நின்றது. மாப்பிள்ளை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். ஒருவரும் சண்டை போடவில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. எழுந்தார்கள், கை கழுவினார்கள், "சொல்லியனுப்புதோம்" என்றார்கள். படகு எட்டின தூரம் போனதும் அங்கம்மாள் தொண்டைக்குள் விரலை விட்டுத் தின்றதையெல்லாம் காயலில் கக்கினாளாம். படகுக்காரன் வந்து சொன்னான்.

அவர்கள் படியிறங்கின உடனே பின்கட்டிலிருந்து முப்பிடாதி வந்தாள். அவ்வளவு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"வயிறு எரிஞ்சு சொன்னியா அக்கா? நெனச்சுச் சொன்னியா?"

"அய்யோ, இல்ல முப்பிடாதி! பெருமைக்குச் சொன்னேம்மா. வாய்தவறி வந்துட்டு. என் நாக்குல புழு வைக்க!"

"எம்பிள்ளைக்கு அது தெரியும்னு உனக்கு யாரு சொன்னா? சொல்லு. யாரு சொன்னா?"

ராமாத்தாள் வாயைத் திறந்தாள். கதவருகே பட்டுப்பாவாடையோடு நின்ற வீரலட்சுமியைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு பேசுகிறவள்!

"கேட்டுக்கோ அக்கா" என்றாள் முப்பிடாதி. "உன் சாவுக்கு என் கை கறி வைக்காது. உன் வீட்டு அடுப்பு நனைஞ்சே கிடக்கட்டும்."

எங்கள் ஆட்களில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து இதைவிடப் பெரிய வார்த்தை சொல்ல முடியாது. அடி, வாபஸ் வாங்கடி என்று நான் அவள் காலைக்கூடத் தொட்டுப் பார்த்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மறுநாளே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓலைத் தட்டி எழுந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் ராமாத்தாள், இந்தப் பக்கம் முப்பிடாதி. வருஷங்கள் போயின. வீரலட்சுமியும் எங்களோடு சுக்குக் கிட்டங்கிக்கு வந்தாள். வருகிற சம்பந்தமெல்லாம் படகுத்துறையோடு திரும்பிற்று. அவள் வயசுப் பிள்ளைகள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் போனார்கள். அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். பாவி, நன்றாகச் சிரிக்கிற பிள்ளை அது. முப்பிடாதி ஒவ்வொரு சம்பந்தம் கலையும்போதும் தட்டியைப் பார்த்துக் காறித் துப்புவாள். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது.

எண்பத்து நாலில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் தோசைக்கல்லில் நிற்கிற ராமர் என்ற பையனுக்குப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, எழுபத்தெட்டில் நடந்த பேச்சு அவர்கள் காதுக்கு எட்டவில்லை. நல்ல பையன், பேசும்போது தரையைப் பார்ப்பான். அவன் அம்மாவும் வந்து பார்த்து, "அந்தக் கறி பிள்ளை கைபடாம இருக்கிற வரைக்கும் எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லி, தையில் தேதி வைத்துவிட்டுப் போனாள். முப்பிடாதி அன்றைக்குக் கிட்டங்கியில் எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தாள்.

இன்னொரு காரியம், ராமாத்தாள் வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆள் பாய்க்கு மேலே தெரியாத அளவுக்கு வற்றிப்போனாள். "முப்பிடாதிய ஒரு தடவை வரச் சொல்லு கமலாக்ஷி, ஒண்ணும் கேக்கமாட்டேன், பாக்கணும்" என்றாள். போய்ச் சொன்னேன். கெஞ்சினேன், திட்டினேன். முப்பிடாதி அசையவில்லை. மகள் மட்டும் அம்மா கிட்டங்கிக்குப் போன நேரம் பார்த்துத் தட்டியைத் தாண்டிப் போய்ப் பெரியம்மாவுக்கு வாய் துடைத்துவிட்டு வருவாள். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ராமாத்தாள் செத்தாள். கொட்டுகிற மழையில் எடுத்தார்கள். மறுநாள் காடாற்றி வந்து எல்லாரும் முற்றத்துப் பந்தலில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். சுப்புராஜ் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்பி பெண்டாட்டி வாசலில் வந்து நின்றான். ஊருக்கே மூட்டை தூக்கின ஆள், நனைந்த கோழி போல நின்றான்.

"அவ பேசினது தப்புதான் முப்பிடாதி. போய்ட்டால்லா. பட்டினியாப் போகவிடாத."

"என் கை வைக்காது அத்தான்" என்றாள் முப்பிடாதி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சொன்னா சொன்னதுதான்."

சுப்புராஜ் திரும்பிப் போனான். வெயில் ஏறிற்று, மழை விட்டது, மறுபடி பிடித்தது. பந்தலில் ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. ராமாத்தாள் பெற்ற கடைக்குட்டி சுவரில் சாய்ந்தபடியே பசியில் தூங்கிப்போனான்.

அப்போது வீரலட்சுமி சந்தைப் பக்கமிருந்து வந்தாள். எப்போது போனாள் என்று தெரியாது. முந்தானை நிறையப் பாகற்காய். சந்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். முப்பிடாதி வாசலில் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"கீழ போடுட்டி! போடு அதை! தையில தேதி வச்சிருக்கு. அதைத் தொட்டா உன் கழுத்துல தாலி ஏறாது. பைத்தியமா உனக்கு?"

"தொட்டாச்சும்மா" என்றாள் வீரலட்சுமி. "எப்பவோ தொட்டாச்சு."

"என்ன சொல்லுத?"

"அப்பாவுக்கு வச்ச கறி உங்க கையில்லம்மா. நீங்க அடுப்பைப் பாத்துக்கிட்டே உறைஞ்சு போயிட்டிய. கரண்டி கீழ விழுந்துச்சு, காய் அடிபிடிக்கப் போச்சு. நான் பின்வாசல் வழியா வந்து எடுத்தேன். புளி ஊத்தினது, அரிசி தூவினது, எண்ணெய் சுத்தினது எல்லாம் நான். பெரியம்மா வந்து பாத்தா. கதவைச் சாத்திட்டு, யாருட்டயும் சொல்லாத மக்கா, உன் வாழ்க்கை போயிரும்னா. அவ சொல்லல. அந்த ஒரு நாள் பெருமையில வாய்விட்டா, அவ்வளவுதான். நீங்க யாரு சொன்னான்னு கேட்டியல்லா? அப்பவும் என்னைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டா."

முப்பிடாதியின் விரித்த கைகள் அப்படியே நின்றன.

"ஏண்டி நீ சொல்லல? இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்னை வெறுப்பியன்னு பயம். அதான் அவளை வெறுக்கட்டும்னு விட்டுட்டேன்." அவள் அழுதாள். "சாகுற வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கலம்மா அவ. அவளைப் பட்டினி போடமாட்டேன். வழிய விடுங்க."

முப்பிடாதி வழி விடவில்லை. கைகள் தானாகக் கீழே இறங்கின, மகள் நுழைந்து போய்விட்டாள்.

நான் ராமாத்தாள் வீட்டு அடுப்படியில் கூட நின்றேன். வேண்டாம் பிள்ளே, யோசிச்சுப் பாரு, ராமர் நல்ல பையன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் நீளவாக்கில் கீறினாள். ஒரு விதை கீழே சிந்தவில்லை. வறுத்த அரிசியை இடித்து, மிளகும் சீரகமும் சேர்த்துத் தூவி, இறக்கி வைத்து எண்ணெயைச் சுற்றினாள். அம்மாவின் கை அப்படியே தெரிந்தது.

இலை போட்டாயிற்று. ஆனால் ஒருவரும் தொடவில்லை. ஊர் அறிய இதுதான் அந்தக் கையின் முதல் கறி. முப்பிடாதி வந்து முதல் வாய் தின்றால்தான் அது கசப்புக்கறி. தின்றால் மகள் கைக்குப் போயிற்று, தையில் வைத்த தேதியும் போயிற்று. தின்னாவிட்டால் அது வெறும் பாகற்காய், யார் வேண்டுமானாலும் வைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், ராமரின் அம்மாவுக்கும் சமாதானம் சொல்லலாம். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது ஓலை இடுக்கில் தெரிந்தது. வராதே, வராதேடி என்று என் மனசு அடித்துக்கொண்டது. வந்துவிடு என்றும் அடித்துக்கொண்டது, பொய் சொல்லமாட்டேன்.

தட்டியைப் பிடுங்கிச் சாய்த்துவிட்டு அவள் வந்தாள். சுப்புராஜைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. ராமாத்தாளைக் கிடத்தியிருந்த இடத்தில் ஏற்றின விளக்கின் முன்னால் விழுந்தாள். "அக்கா, அக்கா" என்று தரையில் நெற்றியை முட்டினாள். நாங்கள் பிடித்துத் தூக்கினோம். எழுந்து வந்து இலையின் முன் உட்கார்ந்தாள்.

வீரலட்சுமி பரிமாறினாள். முப்பிடாதி சோற்றைப் பிசைந்தாள், காயைச் சேர்த்து உருட்டினாள், வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வாயில் போட்டு மென்றாள். கண்ணீர் மூக்கு வழியாகவெல்லாம் ஒழுகிற்று. விழுங்கினாள்.

"செரி மக்கா" என்றாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அவளால் சொல்ல முடியவில்லை. பந்தலில் எல்லாரும் குனிந்து தின்னத் தொடங்கினார்கள்.

சேதி படகைவிட வேகமாகப் போய்விட்டது. ராமரின் அம்மா ஆள் அனுப்பக்கூட இல்லை. அந்தப் பையன் மட்டும் ஒரு மத்தியானம் எங்கள் சந்து முனை வரைக்கும் வந்து, கொஞ்ச நேரம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனான்.

கார்த்திகையில் மீன் சந்தைப் பக்கம் ஒரு சாவு விழுந்தது. வழக்கம்போல முறைக்காரர்கள் இரண்டு பேர் முப்பிடாதி வீட்டு வாசலுக்கு வந்து, படி ஏறாமல், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். பழக்க தோஷத்தில் முப்பிடாதி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவர்கள் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள்.

"வீரலட்சுமி இருக்காளா?" என்று கேட்டார்கள்.